கொள்ளிடக்கரையில் நின்ற லாரி

இப்போது பட்டறைக்குள் ஒரு வண்டி நுழைந்தால், டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு ஒயரைச் சொருகிவிட்டுக் கையிலிருக்கும் பெட்டியைப் பார்க்கிறார்கள். பெட்டி கோளாறைச் சொல்லிவிடுகிறது. எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. அந்தப் பெட்டி அன்றைக்கே இருந்திருந்தால் என் முதுகும் முழங்காலும் இன்னும் கொஞ்ச நாள் என் பேச்சைக் கேட்டிருக்கும்.

போன மாதம் மெக்கானிக் சங்கத்துக்காரர்கள் வீட்டுக்கு வந்து, ஆண்டு மலருக்குக் கட்டுரை வாங்காமல் போகமாட்டோம் என்று உட்கார்ந்துகொண்டார்கள். "அண்ணே, உங்க சர்வீஸ்லயே ரொம்பக் கஷ்டம் குடுத்த வண்டி எது?" என்றார்கள். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது: "கருவடிக்குப்பத்துல நின்ன ஒரு பிரெஞ்சு லாரி." சொன்ன பிறகுதான் அதை எப்படி எழுதுவது என்று பயம் வந்தது. அந்த நாட்களை நினைத்தால், வேலையை முழித்துக்கொண்டு செய்தேனா தூங்கிக்கொண்டு செய்தேனா என்று எனக்கே இன்னும் நிச்சயமில்லை.

நான் புதுச்சேரி முதலியார்பேட்டைக்காரன். பெயர் கலியபெருமாள். அப்பா மில் தொழிலாளி. என்னையும் மில்லில் சேர்ப்பதாக வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள். தறிச் சத்தம் எனக்கு ஆகவில்லை, லாரிச் சத்தம் பிடித்திருந்தது. விழுப்புரத்தில் ஒரு லாரி ஷெட்டில் சேர்ந்து, அடி வாங்கித் தொழில் கற்றேன். அந்தக் கதை எல்லா மெக்கானிக்குக்கும் ஒன்றுதான் என்பதால் விட்டுவிடுகிறேன். எழுபதுகளின் நடுவில், கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்த பிறகு, தட்டாஞ்சாவடியில் செலின் மதாம் பட்டறைக்கு ஹெட் மெக்கானிக்காக வந்து சேர்ந்தேன்.

மதாமுக்கு அப்போது என் வயதுதான் இருக்கும். புருஷன் திடீரென்று போய்விட்டார். பட்டறையை விற்றுவிட்டு அண்ணன் வீட்டோடு போய்விடுவார் என்று ஊரே எதிர்பார்த்தது. காரியம் முடிந்த மறுவாரமே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மர நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்பேனரைத் தொட்டதில்லை. ஆனால் தெருமுனையில் வண்டி வரும்போதே கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். வண்டி உள்ளே வந்து நிற்பதற்குள் அவர் முகத்தைப் பார்த்தே நான் எந்த டூலை எடுப்பது என்று தெரிந்துகொள்வேன்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வண்டிக்காரன் இறங்கிக் கோளாறைச் சொல்ல ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்துவார். "வண்டிக்கு என்னான்னு அப்பால சொல்லு முசியே. நீ எங்க போவணும், அத மொதல்ல சொல்லு" என்பார்; வருகிற எல்லாரும் அவருக்கு 'முசியே', அதாவது ஐயா. ரொட்டி ஏற்றிக்கொண்டு மார்க்கெட் வரை போகிறவனுக்கு ஒரு வேலை, திருப்பதிக்குக் குடும்பத்தோடு போகிறவனுக்கு ஒரு வேலை. போகிற இடம் தெரியாமல் ஒரு நட்டைக்கூடத் திருப்பவிடமாட்டார். எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. இது என்ன, பட்டறையா பஸ் ஸ்டாண்டா என்று மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

ஒரு புரட்டாசி மாதம் ஒரு அம்மா வந்தார். தெரேஸ் என்று பெயர் சொன்னார். தலை பாதிக்குமேல் நரைத்திருந்தது, வெயிலில் நடந்து வந்ததில் முகம் சிவந்திருந்தது. வீட்டில் ஒரு பழைய லாரி பல வருஷமாக நிற்கிறது, ஓட வைக்க முடியுமா என்றார். மதாம் வழக்கம்போல, "எங்க போவணும்?" என்று கேட்டார்.

"எங்கயும் போவ வேணாம் மதாம். வூட்டுக்கு வரணும்" என்றார் அந்த அம்மா. சொல்லிவிட்டு அழுதுவிட்டார்.

விஷயம் இதுதான். அவர் வீட்டுக்காரர் லூர்துசாமி பிரெஞ்சுக்காரர் காலத்தில் லாரி டிரைவர். காரைக்காலுக்கும் புதுச்சேரிக்கும் சரக்கு ஓட்டியவர். முதலாளி பிரான்சுக்குக் கப்பலேறிப் போகும்போது லாரியை அவருக்கே கொடுத்துவிட்டுப் போனார். சில காலம் ஓடியது, அப்புறம் கொல்லையில் நின்றுவிட்டது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் லூர்துசாமிக்கு ஞாபகம் தடுமாறத் தொடங்கிவிட்டது. ஒருநாள் காலையில் எழுந்துபோய் அந்த லாரியில் ஏறி உட்கார்ந்தார். இறங்கவில்லை.

வண்டி கொள்ளிடக்கரையில் ரிப்பேராகி நிற்கிறது என்பது அவர் நினைப்பு. வழியில் நின்ற வண்டியை விட்டுவிட்டு டிரைவர் இறங்கிப் போகக்கூடாது. இது எழுதாத சட்டம். கிளீனர் போவான், மெக்கானிக்கைக் கூட்டிவருவான். டிரைவர் அங்கேயே தின்று அங்கேயே படுப்பான். நடுரோட்டில் வாரக்கணக்கில் வண்டியைக் காத்துக் கிடந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். லூர்துசாமியும் அப்படித்தான் கிடந்தார். கக்கூசுக்கு இறங்குவார், திரும்பிப் போய் ஏறிக்கொள்வார். வீட்டு வாசற்படியை மட்டும் மிதிக்கமாட்டார்.

"போன மழைக்கு நனைஞ்சி ஜுரம் வந்து ஆஸ்பத்திரியில கெடந்தாரு. இன்னொரு மழைய அந்த நெஞ்சு தாங்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. ஆளுங்கள விட்டுத் தூக்கியாந்து வூட்டுக்குள்ள வச்சோம். 'வண்டிய அனாமத்தா விட்டுட்டு வரவன் டிரைவராடா'ன்னு அடிச்சிக்கினு கத்துனாரு பாருங்க, எனக்கே தாங்கல. நானே கதவத் தொறந்து உட்டுட்டேன்" என்றார் தெரேஸம்மா. "வண்டி ஓடிச்சின்னா அவரே ஓட்டிக்கினு வூட்டுக்கு வந்துடுவாரு. வந்து எறங்கிட்டா என்னையும் அடையாளம் தெரியும். மாதா மேல பாரத்தப் போட்டு வந்திருக்கேன்."

நடக்கிற காரியமா இது? நான் மதாமைப் பார்த்தேன். "ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிக்கணும் கலியபெருமா" என்றார் மதாம். அவ்வளவுதான்.

மறுநாள், அதே புதுச்சேரியில் கருவடிக்குப்பத்தில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். கொல்லையில் ஒரு மாமரம், அதன் நிழலில் லாரி. மூக்கு நீண்ட பழைய பெட்ரோல் வண்டி. என்ன கலரில் இருந்தது என்று சொல்ல முடியாதபடி துரு தின்றிருந்தது. கோவைக்கொடி பின்பக்கமாக ஏறி, கேபின் கூரையைத் தாண்டி, முன்னால் வந்து தொங்கியது. டயர் மண்ணோடு மண்ணாகப் போயிருந்தது. பானெட்டுக்குள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அத்தனைக்கும் நடுவில், காக்கிச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, சவரம் செய்த முகத்தோடு, ஸ்டீரிங்கில் கை வைத்து ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். தூரத்து ரோட்டைப் பார்ப்பதுபோல் செம்பருத்திச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெக்கானிக்கா? வாப்பா. எங்கேருந்து வர?"

"தட்டாஞ்சாவடியிலேருந்துங்க."

"அம்மாடி! பாண்டிச்சேரியிலேருந்து கொள்ளிடத்துக்கா? சாப்பிட்டியா?" என்று பதறிப்போனார். "இந்த ஊரு அம்மா ஒண்ணு வேளாவேளைக்குச் சோறு கொண்டாருது. இரு, உனக்கும் குடுக்கச் சொல்றேன். யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கணும்."

தெரேஸம்மா தட்டோடு என் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. பிறகு கிணற்றடியில் கை கழுவும்போது அவரே சொன்னார்: "எப்பவாவது என் பேரக் கேப்பாரு. சொல்லுவேன். 'அட, என் சம்சாரம் பேரும் அதான்'ம்பாரு. கல்யாணம் ஆன புதுசுல காரைக்கால்லேருந்து என்னை இந்த வண்டியிலதான் கூட்டியாந்தாரு தம்பி. அன்னிக்கும் கொள்ளிடத்துலதான் நின்னுபோச்சி." அந்தப் பயணம்தான் இன்னும் முடியவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வண்டியைப் பட்டறைக்கு இழுத்துவர வழியில்லை. அவர் இறங்கினால்தானே! ஆக, அவரைக் கேபினில் வைத்துக்கொண்டே கொல்லையில் வேலையை ஆரம்பித்தோம். எங்கள் டிங்கர் ஒருவன், முதலில் கூரை ஓட்டையை வெல்டு வைத்து அடைத்துவிடலாம், மழைக்கு நனையமாட்டார் என்றான். எனக்கும் சரியாகத்தான் பட்டது. தெரேஸம்மா பாய்ந்து வந்து தடுத்தார். "கூரைய சரி பண்ணாதீங்க தம்பி. சொகமா இருந்தா அங்கயே இருந்துடுவாரு." டிங்கர் வெல்டிங் ராடைக் கீழே வைத்துவிட்டான். அதற்கப்புறம் தினமும் வானத்தைப் பார்ப்பது எங்கள் வேலையில் ஒன்றாகிவிட்டது.

இன்ஜின் சிக்கிக் கிடந்தது. பல வருஷத் துருவில் பிஸ்டன்கள் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தன. இதற்கு முறை ஒன்றுதான். பிளக்குகளைக் கழற்றி, ஓட்டை வழியாக மண்ணெண்ணெயும் பிரேக் ஆயிலும் கலந்து ஊற்றிவிட்டுச் சும்மா இருக்கவேண்டும். காலையில் ஊற்றி, சாயந்தரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று குச்சி விட்டுப் பார்த்து, மறுபடி ஊற்றுவது. நடுவில், வண்டி மூக்கில் சொருகிச் சுற்றும் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைப் போட்டு, அசைகிறாயா என்று சும்மா கேட்டுப் பார்ப்பது. மிதிக்கக் கூடாது, சுத்தியல் கூடாது. மதாம் சாயந்தரம் ரிக்‌ஷாவில் வந்து மாமரத்தடியில் உட்காருவார். நான் ஹேண்டிலில் கொஞ்சம் எம்பினாலே, "துஸ்மான், துஸ்மான்" என்பார். பிரெஞ்சில் மெதுவாக என்று அர்த்தம். அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

காத்திருந்த நாட்களில் மற்ற வேலைகளைப் பார்த்தோம். ரேடியேட்டரில் குளவிக்கூட்டைச் சுரண்டி எடுத்து ஈயம் வைத்தோம். கார்புரேட்டர் துளைகளை ஒற்றைச் செப்புக் கம்பியால் நோண்டினேன். பெட்ரோல் டாங்கிக்குள் துரு உதிர்ந்து கிடந்தது. அதற்குள் பழைய சைக்கிள் செயினையும் மண்ணெண்ணெயையும் போட்டு, மாமரக்கிளையில் கயிறு கட்டித் தொங்கவிட்டு ஆட்டினோம். செயின் உள்ளே உரசி உரசித் துருவை எடுக்கும். தெரேஸம்மா முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டே காலால் கயிற்றை இழுத்து ஆட்டிவிடுவார். டாங்கி தூளிபோல் ஆடும், உள்ளே செயின் சலசலக்கும், மாமரத்து வெயில் எல்லார் மேலும் அசையும். "மழையா பெய்யுது?" என்று கேட்டுவிட்டு லூர்துசாமி ஸ்டீரிங்கில் தலை வைத்துத் தூங்கிவிடுவார். எனக்கும் கண்ணைச் சொருகிக்கொண்டு வரும். யாரும் யாரையும் எழுப்பமாட்டோம்.

இன்னொன்று நடந்தது. வேலை முன்னேற முன்னேற, அவர் ஊரும் முன்னேறியது. ரேடியேட்டரை மாட்டிய அன்று எட்டிப் பார்த்து, "சிதம்பரம் கோபுரம் தெரியுது பாரு" என்றார். பாட்டரி வைத்து ஹாரன் அடித்தபோது, "கடலூரு வந்துடிச்சி. பெண்ணையாத்துல தண்ணி போவுதா?" என்று கேட்டார். நான் திருதிருவென்று முழித்தேன். நின்ற வண்டி எப்படி ஊர் தாண்டும் என்று மதாமைக் கேட்டேன்.

"அவரு ஓட்றாரு, வண்டி போவுது. உனக்கு என்னாய்யா? பெண்ணையாத்துல தண்ணி போவுதுன்னு சொல்லு" என்றார் மதாம்.

"போவுதுங்க, ரெண்டு கரையும் தொட்டுப் போவுது" என்றேன். லூர்துசாமிக்குச் சந்தோஷம். "என் சம்சாரத்த இங்கேருந்து பஸ்ஸுல ஏத்தி அனுப்பிட்டேன்" என்றார். "சின்னப் பொண்ணு. எத்தினி நாளுதான் வண்டியிலயே குந்தியிருக்கும்? வூட்டுக்குப் போய் வெளக்கேத்தி வை, நான் வண்டியோட வந்துடறேன்னு சொல்லிட்டேன்." தெரேஸம்மா கயிற்றை ஆட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அன்றைக்கு ஒரே உற்சாகம். "பாத்தியா தம்பி, நான் வூட்ல இருப்பேன்னு அவருக்குத் தெரியுது" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆனால் இன்ஜின் அசையவில்லை. புரட்டாசி போய் ஐப்பசி பிறந்துவிட்டது. மற்ற பிஸ்டன்கள் இளகியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது, ஒன்று மட்டும் வீம்பாகப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் கடல் பக்கம் கருத்துக்கொண்டு வந்து பெரிய பெரிய தூறலாக விழுந்தது. கூரை ஓட்டை வழியாக லூர்துசாமியின் காக்கிச் சட்டை நனைந்தது. அவர் இருமினார். தெரேஸம்மா குடையை எடுத்துக்கொண்டு ஓடிவந்து ஜன்னல் வழியாக நீட்டிப் பிடித்தார், தான் நனைந்துகொண்டு. எனக்கு வந்ததே ஆத்திரம்! சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள், நகராவிட்டால் உடையட்டும் என்று ஹேண்டில் மேல் ஓங்கினேன்.

"கலியபெருமா! உடைஞ்சா அவரு கொள்ளிடத்துலயே நின்னுடுவாருய்யா!" என்று மதாம் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். சம்மட்டியை இறக்கினேன். 

அப்போது கேபினிலிருந்து லூர்துசாமி தலையை நீட்டி, "ஏம்பா கோவப்படற? இன்ஜினுக்குக் குளிருது. சுடுதண்ணி குடு" என்றார். டிங்கர் சிரித்துவிட்டான். மதாம் சிரிக்கவில்லை. "தெரேஸ், அடுப்பு எரியுதா?" என்றார். சோற்றுப்பானை, குளியல் அண்டா எல்லாவற்றிலும் வெந்நீர் கொதித்தது. ரேடியேட்டர் வழியாகக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, கீழே திறந்து விட்டு, மறுபடி ஊற்றினோம். இரும்பு சூடேறினால் கொஞ்சம் விரியும், பிடித்ததை விடும். யோசித்திருந்தால் எனக்கும் தோன்றியிருக்கும், ஆத்திரத்தில் எங்கே தோன்றுகிறது? தூறலில் அந்த வண்டி முழுக்க ஆவி கிளம்பிக் கொல்லையே மறைந்துபோனது. புகைக்குள் நின்று ஹேண்டிலைப் பிடித்து, இந்த முறை நிஜமாகவே கெஞ்சினேன். விரல் அகலம் நகர்ந்தது. திரும்பி வந்தது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. அப்புறம் ஒரு முழுச் சுற்று, எண்ணெயில் முக்கியதுபோல் வழவழவென்று வந்தது. "மாதாவே!" என்று தெரேஸம்மா குடையைப் போட்டுவிட்டுக் கும்பிட்டார்.

அதற்குப்பிறகு நாங்கள் யாரும் உட்காரவில்லை. விழுப்புரத்திலிருந்து பழைய டயர்கள் வந்தன. கம்பி பிரேக்கைச் சரி செய்தோம். பெயிண்ட் அடிக்கவேண்டாம் என்று மதாம் சொல்லிவிட்டார். துருவின் மேலேயே எண்ணெய்த் துணியால் துடைத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து தெரு சாப்பாட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து, எலுமிச்சம்பழத்தை டயருக்கடியில் வைத்தோம். எதற்கும் இருக்கட்டும் என்று இன்ஜினை நிறுத்த ஒரு தனி சுவிட்சை ஒயர் இழுத்து நான் உட்காரும் இடத்தில் வைத்திருந்தேன். ஹேண்ட் பிரேக்கும் என் கைக்கு எட்டும்.

தெரேஸம்மா வண்டியில் ஏறவில்லை. "நான் வூட்ல இருக்கணும் இல்ல தம்பி? அவரு வந்து பாக்கும்போது" என்றார். கோயிலுக்குக் கட்டும் நல்ல புடவையைக் கட்டித் தலையில் கொஞ்சம் மல்லிகை வைத்திருந்தார். வாசலில் மதாமோடு போய் நின்றுகொண்டார்.

இன்ஜின் பிடித்தது. இருமி, துப்பி, நீலப்புகை விட்டு, நின்று ஓட ஆரம்பித்தது.  லூர்துசாமியின் காலும் கையும் தாமாகவே போய்ச் சேரவேண்டிய இடத்தில் சேர்ந்தன. கிளட்சை விட்ட விதத்தில் ஒரு குலுக்கல்கூட இல்லை. கோவைக்கொடி அறுந்து பின்னால் விழ, லாரி கொல்லையை விட்டு நகர்ந்தது. சவுக்குத்தோப்பு ஓரமாகக் கடல் பக்கம் போய், மண்பாதையில் திரும்பி வந்தோம். இரண்டாம் கியருக்குமேல் போகவில்லை. ஜன்னல் வழியாக உப்புக்காற்று வந்தது. அவர் ஒவ்வொரு மரத்தையும் தெரிந்தவரைப் பார்ப்பதுபோல் பார்த்துத் தலையசைத்துக்கொண்டு ஓட்டினார். நான் சுவிட்ச்மேல் வைத்த விரலை எடுத்துவிட்டேன். எத்தனையோ டிரைவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அப்படி ஒரு சவாரி எனக்கு வாய்க்கவில்லை.

தெரு திரும்பியதும், "பாண்டிச்சேரி" என்றார். வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இன்ஜினை அணைத்தார். கதவைத் திறந்து அவரே இறங்கினார். பானெட்டைத் தட்டிக்கொடுத்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, வருஷக்கணக்கில் மிதிக்காத அந்த வாசலைப் பார்த்து நடந்தார். நான் பின்னால் நின்றேன்.

தெரேஸம்மாவின் முகம் முழுவதும் சிரிப்பாக இருந்தது. லூர்துசாமி அருகில் போய் நின்று பார்த்தார். "அட, அம்மா! நீங்களா? கொள்ளிடத்துலேருந்து எப்ப வந்தீங்க?" என்றார்.

 மதாம் தெரேஸம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

லூர்துசாமி கதவு வழியாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார், மாதா படத்தைப் பார்த்தார். பிறகு கூச்சத்தோடு, "என் சம்சாரத்த முன்னாடியே பஸ்ஸுல அனுப்பினேன். இன்னும் வந்து சேரல போலக்குது" என்றார். "உங்களுக்கு எவ்ளோதான் தொந்தரவு குடுக்கறது... அவ வர வரைக்கும் இங்க குந்திக்கினு இருக்கட்டுமா?"

எனக்குக் கண்ணை மறைத்துவிட்டது. மறைக்காமல் சொல்கிறேன், லாரி மறைவில் போய் நின்று அழுதேன். இத்தனை பாடுபட்டு இதற்காகவா என்று இருந்தது.

தெரேஸம்மா அழவில்லை. முந்தானையால் லூர்துசாமியின் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டார்.

"வந்துடுவா" என்றார். "அவ வர வரைக்கும் நான் பாத்துக்கறேன். உள்ள வாங்க."

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார்.